ஒற்றைக்கால் அன்னமும் ஒரு மரப்பாலமும்

போன மாதம் ஃபர்ஸானா டெல்லியிலிருந்து பேசினாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவள், வாணியம்பாடிக்காரி. நான் ஓய்வுபெற்ற பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைவி.

"மேடம், இனிமே பேப்பரெல்லாம் மொதல்ல மெஷின்தான் படிக்கப்போவுது. நூறு எடத்துல ஒரே சேதி இருக்குதுன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுது. பசங்களும் அத நம்பிக்கினு ஒக்காந்திருக்காங்க. நீங்க கலர் பென்சில் வெச்சி கோடு போடுவீங்களே, அதப்பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

"அதுல எழுதறதுக்கு இன்னாடி இருக்குது? மூணு பென்சில், ஒரு ஷார்ப்னர். அவ்ளோதான்" என்றேன்.

"அந்தப் பாலத்தப்பத்தி எழுதுங்க மேடம். மேலிடத்துல கேட்டுட்டேன். நாட்டுப் பேரு, எடத்துப் பேரு இல்லாம எழுதலாமாம்."

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பாலத்தை எழுதினால் என் தம்பி கல்யாணத்தையும் எழுத வேண்டும். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

காஞ்சிபுரத்தில் என் வேலை என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வெளியுறவு, பாதுகாப்பு ஆய்வாளர் என்று சொன்னால், "அப்ப நீ போலீசாம்மா?" என்று கேட்பார்கள். அம்மா பாதி விளங்கிக்கொண்டு, மீதியை விட்டுவிட்டு, "எம் பொண்ணு டெல்லியில பேப்பர் வெட்ற வேலை பாக்குது" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அப்போது ஆத்திரமாக வரும். யோசித்தால் அம்மா சொன்னதில் தப்பே இல்லை. முப்பத்தோரு வருடம் கத்தரிக்கோலும் மைதா பசையுமாகத்தான் இருந்தேன்.

அப்பா வழியில் எல்லோரும் தென்னேரிப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். அப்பா ஆஸ்பத்திரி வார்டில் வேலை கிடைத்து காஞ்சிபுரம் வந்தார். பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு கட்டினார். நான், எனக்கு ஏழு வயது இளையவன் தம்பி சாமு. சென்னையில் எம்.ஏ. படித்தேன், பரீட்சை எழுதினேன், இரண்டு வருடம் ஒரு அண்டை நாட்டு மொழியை மண்டையில் ஏற்றினார்கள். எந்த நாடு என்று கேட்காதீர்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் மலை இருக்கிறது, பனி விழும், அது போதும்.

அந்த நாட்டின் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் எங்களுக்குப் பையில் கட்டி வரும். வந்து சேரும்போது மூன்று வாரம் பழசாகியிருக்கும். ஈரமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் பழைய பேப்பர் கடையைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன். தலையங்கம், அமைச்சர் பேச்சு எதையும் நாங்கள் முதலில் படிக்கமாட்டோம். கடைசிப் பக்கம்தான் முதலில். யாருக்கு மாற்றல், எந்த ஊருக்குக் கம்பளி டெண்டர், எந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு லீவு ரத்து. ஒரு நாடு மறைக்க நினைப்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும்.

எங்கள் தலைமை அதிகாரி சக்சேனா சார். அவர் இந்தியில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. நாம் எழுதிய குறிப்பைக் கையில் வாங்கினால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படிப்பார். ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். இறங்காமல் நின்றுவிட்டால், தலையைத் தூக்காமலே கேட்பார்: "இதைப் பார்த்தது யார்?"

அதுதான் அவருடைய ஒரே கேள்வி. ஒருவர் கண்ணால் பார்த்த விஷயம் என்றால் அந்த வரிக்கு நீலக் கோடு. யாரோ சொன்னது என்றால் சிவப்பு. நாமே யோசித்து எழுதியது என்றால் வெறும் பென்சில். மேலே கூட்டத்துக்கு ஒரு குறிப்பு போக வேண்டுமானால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நீலக் கோடு வேண்டும். கோடு போட்டவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவரைத் தவிர வேறு யாரும், சக்சேனா சாரே ஆனாலும், அதை அழிக்கக் கூடாது.

சேர்ந்த வருடம் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தேன். அந்த நாட்டில் ஒரு கால்பந்துப் போட்டி. வருடா வருடம் வரும் ஒரு பட்டாளத்தின் அணி அந்த வருடம் வரவில்லை. ஆகா, பட்டாளம் இடம் மாறிவிட்டது, எல்லைக்குத்தான் வந்திருக்கும் என்று நான்கு பக்கம் எழுதினேன். சக்சேனா சார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் வெள்ளை நார் ஒன்றுகூட இல்லாமல் எடுத்துவிட்டுத்தான் வாயில் போடுவார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லது. அடுத்த வாரப் பேப்பர் வரட்டும்" என்றார். வந்தது. பதினோரு பேருக்கும் பொன்னுக்குவீங்கி. ஆபீஸில் ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தால் எல்லோரும் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அழுகையாகவும் வந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது?

குளிர்காலத்தில் மதியம் ஆபீஸ் புல்வெளியில் வெயிலுக்கு உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே வாதம் செய்வோம். ஒரு டெண்டர் விளம்பரத்தை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். அப்படியொரு சந்தோஷமான சண்டை பிறகு எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இனி பாலம். அதற்குள் எனக்குப் பதின்மூன்று வருடம் அனுபவம் சேர்ந்திருந்தது. தலையில் கொஞ்சம் கனமும் சேர்ந்திருந்தது.

எல்லையில் ஒரு கணவாய். அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம். அங்கே மாற்றலாகிப் போகும் அதிகாரிகள் பெயரையும், அடுப்பு, கம்பளி டெண்டரையும் சேர்த்துப் பார்த்து, "மரப்பாலத்துக்கு அப்பால் குளிர்கால முகாம் வரக்கூடும்" என்று ஆடி மாதம் ஒரு குறிப்பு எழுதினேன். எல்லாம் வெறும் பென்சில். யூகம் என்று நானே தலைப்பில் எழுதியிருந்தேன். அது நம் தூதரகங்களுக்குச் சுற்றுக்குப் போயிற்று.

இரண்டு மாதத்தில் பதில்கள் வரத் தொடங்கின. அங்கிருந்த நம் தூதரகம், ஒரு வியாபாரி சொன்னதாக, மரப்பாலத்துக்கு அப்பால் முகாம் கட்டுகிறார்கள் என்று எழுதியது. ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை, மரப்பாலத்தைத் தாண்டி ராணுவம் வந்துவிட்டது என்று எழுதியது. நமக்கு வேண்டிய இன்னொரு நாட்டின் அதிகாரிகளும் அதையே சொன்னார்கள். மூன்று இடம், மூன்று நாட்டு ஆட்கள். என் யூகம் பலித்துவிட்டது என்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விஷயம் விளையாட்டில்லை. அவர்கள் உண்மையிலேயே வந்திருந்தால், பனி மூடுவதற்குள் நம் பக்கத்துச் சிகரத்துக்கு நூறு பேருக்கு மேல் கொண்ட ஒரு கம்பெனி ஏற வேண்டும். ஏறிவிட்டால் ஆறு மாதத்துக்கு இறங்க வழியில்லை. சாமான் போகாது, டாக்டர் போக முடியாது. யாரும் வராத இடத்துக்குப் பிள்ளைகளை அப்படி அனுப்பக் கூடாது. வந்திருக்கும் இடத்துக்கு அனுப்பாமலும் இருக்கக் கூடாது.

இந்த மூன்றையும் சேர்த்து மேலே போகும் குறிப்பை எழுதிய திங்கட்கிழமை, சாயங்காலம் எனக்கு ஊருக்கு ரயில். வியாழக்கிழமை சாமுவுக்குக் கல்யாணம். அவனுக்கு நான் ஒரே அக்கா. சர்ச்சில் தாலி ஏறும்போது முதல் முடிச்சு அவன் போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, நான் போட வேண்டும். பெட்டி மேஜைக்கு அடியில் தயாராக இருந்தது. சக்சேனா சாரின் ஸ்கேல் நடுப்பக்கத்தில் நின்றது.

"இதைப் பார்த்தது யார்?"

"மூன்று பேர் சொல்கிறார்கள் சார். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள்."

"சொல்வதைக் கேட்கவில்லை. பார்த்தது யார்?"

"மூன்றும் நீலம்தான் சார். நான் பொறுப்பு" என்று சொல்லிக் கோட்டைப் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பதின்மூன்று வருட நம்பிக்கை. ஸ்கேலைக் கீழே இறக்கினார். "வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டம். நல்லபடியாகக் கல்யாணத்தை முடித்துவிட்டு வா" என்றார்.

புதன்கிழமை காலை வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வெட்டவெளிச்சத்தில் பட்டுப் புடவைகளைப் பாயில் பரப்பி வைத்து ஒரே கூச்சல். பெண்ணுக்கு நாங்கள் எடுத்தது ஒரு கடையில். அம்மாவுக்கு எடுத்தது இன்னொரு கடையில். அத்தை தனியாகத் தன் ராசியான கடைக்குப் போய் எடுத்து வந்திருந்தாள். நிறம் மூன்று தினுசு. கரையில் மட்டும் மூன்றிலும் அதே அன்னம் வரிசையாக நடந்தது.

"பாத்தியாடி, மூணு கடையிலயும் இந்தக் கரைதான் ஓடுது. அப்ப இதான் இப்ப பெஸ்ட்டு" என்றாள் அத்தை.

அடுத்த தெரு ஏகாம்பரம் அண்ணன் அப்போதுதான் பந்தலுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தறிக்காரர். கல்யாணப் புடவையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. குனிந்து கரையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதைத் திருப்பினார். மூன்றாவதையும் திருப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னாண்ணா சிரிக்கிற?" என்றாள் அத்தை.

"மூணும் நான் நெய்ததும்மா."

"சும்மா உடாத. மூணு கடைங்கோ!"

"கடை மூணும்மா. தறி ஒண்ணு. நான் மொதலாளிகிட்ட குடுத்தேன், அவரு மூணு கடைக்கும் போட்டுட்டாரு. நம்பிக்கை இல்லன்னா அன்னத்தோட கால பாரு."

பார்த்தோம். ஒவ்வொரு அன்னத்துக்கும் ஒரே ஒரு கால்தான் இருந்தது.

"டிசைன் அட்டையில ஒரு ஓட்டை குத்தாம உட்டுட்டாங்கோ. அட்டையில ஓட்டை இல்லன்னா அந்த எடத்துல ஜரிகை ஏறாது. நெய்து முடிச்சப்புறம்தான் கண்ல பட்டுச்சு. அந்த அட்டையில நெய்த புடவை ஊர்ல எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும். தப்பு இருக்குது பாரு, அது நம்மள காட்டிக் குடுத்துரும்மா."

அத்தை புடவையைப் பிடுங்கிக்கொண்டு அவரோடு சண்டைக்குப் போனாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கையில் தட்டு இருந்தது, வைத்தேனா போட்டேனா நினைவில்லை.

மரப்பாலம்.

அந்த ஆற்றில் மரப்பாலமே கிடையாது. அதை இடித்துவிட்டு இரும்புப் பாலம் கட்டி இரண்டு வருடமாகிறது. அமைச்சர் ரிப்பன் வெட்டும் படத்தோடு அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தை வெட்டி, பசை தடவி, ஒட்டியவளே நான்தான். ஆடி மாதக் குறிப்பை எழுதும்போது பழைய வரைபடத்தைப் பார்த்து மரப்பாலம் என்று எழுதிவிட்டேன். நானே எழுதிய சொல் என்பதால் திரும்பத் திரும்பப் படித்தும் கண் அதில் நிற்கவில்லை. அந்த இடத்தைப் பார்த்த எவனும் மரப்பாலம் என்று சொல்லமாட்டான். மூன்று பேரும் சொன்னார்கள் என்றால், மூன்று பேரும் பார்க்கவில்லை. என் குறிப்பு தூதரகத்துக்குப் போய், அங்கே யாரோ யாரிடமோ பேசி, அது பத்திரிகையில் ஏறி, பத்திரிகையைப் பார்த்து நமக்கு வேண்டிய நாட்டவர் சொல்லி, எல்லாம் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்திருக்கிறது. நான் அதற்கு மூன்று நீலக் கோடு போட்டிருக்கிறேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். போனில் விவரம் எதுவும் பேசக் கூடாது.

"சார், நான் கொடுத்ததை நிறுத்துங்கள். மூன்றும் ஒன்றுதான். அந்த ஒன்றும் நான்தான்."

"நிச்சயமா?" என்றார்.

"நிச்சயம் சார். என் தப்பு அதில் அப்படியே இருக்கிறது."

"போனில் சொன்னதைக் கூட்டத்தில் வைக்க முடியாது. போட்டவர்தான் அழிக்க வேண்டும். உனக்குத் தெரியும்."

"நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணம் சார்."

"தெரியும். கூட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். பனி தள்ளி விழாது." அப்புறம் சொன்னார்: "நான் வா என்று சொல்லமாட்டேன் கிரேஸ். நீயே முடிவு செய்."

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தேன். சாமு மஞ்சள் பூசிய முகத்தோடு வாசலில் நின்றிருந்தான்.

"இன்னாக்கா வெளையாடுறியா? எங்க கெளம்பிக்கினு இருக்குற?"

"டெல்லிக்குடா. ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்பு."

"திங்கக்கெழமை போய்த் திருத்திக்கோயேன். யாரு சாவப்போறாங்கோ?"

அதற்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால் அவன் என்னை ஏர்போர்ட்டுக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பான். சொல்ல எனக்கு உரிமையில்லை.

"பேப்பர் வெட்ற வேலைக்குக் கூடப்பொறந்தவன் கல்யாணத்த உட்டுட்டுப் போறியேடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாமு அழுதான். பெரிய ஆண்பிள்ளை, மறைக்கக்கூட இல்லை. "போக்கா. போ. இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல" என்று உள்ளே போய்விட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு டெல்லியில் அந்தப் பெரிய மேஜைக்கு ஓரத்தில் நின்று என் மூன்று நீலக் கோடுகளையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சக்சேனா சார் எழுந்து நின்று அதைப் படித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சீருடையில் இருந்த ஒரு பெரிய அதிகாரி, "அப்படியென்றால் அங்கே யாரும் இல்லை என்கிறீர்களா?" என்று அதட்டினார்.

"இல்லை சார். அங்கே யாரும் இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை என்கிறேன்."

சுவரில் கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது. காஞ்சிபுரத்தில் தாலி ஏறும் நேரம். மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனியை அடிவாரத்திலேயே நிறுத்தி, முதலில் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பத்து நாளில் பார்த்தவன் திரும்பி வந்தான். இரும்புப் பாலம், செம்மறியாட்டு மந்தை, இரண்டு இடையர்கள். வேறு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகள் அடிவாரத்திலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். மேலே போகாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டென்றே அவர்களுக்குத் தெரியாது. என் கோப்பில் கண்டனம் ஏறியது, பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அது நியாயம்தான். அந்த வாரம் சக்சேனா சார் சீசனின் முதல் ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, முழுசாக என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் பாத்ரூமுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்து சாப்பிட்டேன்.

கல்யாணத்தன்று சாயங்காலம் அத்தை போனில் சொன்னாள்: "ஒண்ணும் கொறையில்ல. உன் எடத்துல மேரிதான் முடிச்சு போட்டா." மேரி என் சித்தப்பா மகள். அடுத்த வாரம் வாலாஜாபாத் மாமா கடிதத்தில் அதையே எழுதினார். சென்னையில் இருக்கும் பெரியம்மா மகனும் சொன்னான். அம்மா மட்டும் சாகும்வரை அந்தக் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. சாமு நான்கு வருடம் என்னோடு பேசவில்லை. அம்மா சாவுக்கு நான் வந்தபோது, "சாப்டியா?" என்றான். அதிலிருந்து பேச்சு உண்டு. ஆனால் அளந்துதான் பேசுவான். மேரி மேல் எனக்குக் காரணமில்லாத ஒரு கசப்பு. அவள் என்ன செய்தாள் பாவம்! ஆனாலும் அவள் கையைப் பார்த்தால் எனக்கு ஆகாது. அவள் மகள் கல்யாணத்துக்குக்கூட மொய் அனுப்பிவிட்டு, போகாமல் இருந்துவிட்டேன். சாமு வீட்டு ஆல்பத்தை நான் தொட்டதே கிடையாது.

ஓய்வுபெற்ற பிறகு சாமு வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். போன வாரம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி எஸ்தர் காபியோடு வந்தாள்.

"இன்னா அண்ணி, மூக்க உறிஞ்சிக்கினே எழுதறீங்கோ?"

ஊர்பேர் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. எஸ்தர் காபியைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"இதுக்கா அண்ணி போனீங்கோ? இத்தினி வருஷமா வாயத் தொறக்கலியே!"

"போனது பத்திக் கவலையில்ல. என் எடத்துல மேரி முடிச்சு போட்டா பாரு, அதான் இன்னும் ஆறல."

"மேரியா? மேரி எங்க போட்டா?"

"எல்லாரும் சொன்னாங்களே."

"எல்லாரும்னா யாரு?"

அத்தை. மாமா. பெரியம்மா மகன். சொல்லும்போதே நாக்கு தடுமாறியது. பெரியம்மா மகன் கல்யாணத்துக்கே வரவில்லை. மாமா பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"அத்தை பிரியாணி அண்டாவ உட்டு நவுரவே இல்ல அண்ணி. மேரிய நிக்கச் சொன்னதே அவுங்கதான். நின்னா, போட்டிருப்பான்னு நெனச்சிக்கினாங்கோ." எஸ்தர் கீழே போய் ஆல்பத்தை எடுத்து வந்து விரித்தாள். மேரி பக்கத்தில் வெறுங்கையோடு நிற்கிறாள். எஸ்தரின் கழுத்துக்குப் பின்னால் இருப்பவை இரண்டு கைகள்தான். இரண்டும் சாமுவுடையவை.

"மேரி கைய நீட்டுச்சு. இவரு வாணாம்னுட்டாரு. 'எங்க அக்கா எடத்துல வேற யாரும் வரக்கூடாது பாஸ்டர்'னு சொல்லி, மூணு முடிச்சும் இவரே போட்டாரு. மூணாவது முடிச்ச ரெண்டு தபா அவுத்துப் போட்டாரு அண்ணி. கழுத்துல எனக்குத் தெரிஞ்சுது."

மதியம் சாமு மெக்கானிக் கடையிலிருந்து சாப்பிட வந்தான். மாடியில் ஆல்பம் திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றான். கையெல்லாம் கிரீஸ்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

சாமு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீ ஒருநாளும் கேக்கவே இல்லியேக்கா" என்றான்.